செமினரிப் பிள்ளைகளின் பெயர்கள்

பண்டத்தரிப்பு

அன்புள்ள பெறாமகளுக்கு,

இங்கிலாந்தின் பழைய போடிங் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் படித்துவிட்டு, எங்கள் பக்கத்தில் அப்படி ஏதும் இருந்ததா என்று கேட்டிருந்தாய். இருந்தது பிள்ளை. நடத்தியவர்கள் நீ இப்போது இருக்கும் நாட்டுக்காரர்.

அமெரிக்க மிஷனார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். எங்கள் ஊருக்கு 1820இல் வந்தவர் டொக்டர் ஜோன் ஸ்கடர். பிள்ளைகளைத் தங்களோடு வைத்துப் படிப்பிக்க மிஷனாருக்கு ஆசை. ஊருக்கோ ஆசாரம் பெரிது. மிஷன் வளவுக்குள் சாப்பிடப் பிள்ளைகளை விடவில்லை. அதனால் தொடக்கத்தில் பக்கத்துச் சைவக்காரரின் காணியில் சமையற்கொட்டில் போட்டுச் சோறு கொடுத்தார்கள்.

1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. கல்லூரி என்று நடத்த அன்றைய பிரித்தானிய அரசு அனுமதிக்காததால்தான் அந்தப் பெயர். அடுத்த வருஷம் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கும் போடிங் வந்தது. செமினரியின் முதல் அதிபர் டானியல் புவர். 1829 மார்ச் மாதச் சந்திர கிரகணம் எப்போது தொடங்கும் என்பதில், அவருடைய கணிப்புக்கும் அராலி ஊர்ப் பஞ்சாங்கத்துக்கும் கால் மணித்தியால வித்தியாசம். அன்றிரவு மணிக்கூட்டை வைத்துக்கொண்டு வானம் பார்த்தார்கள். புவர் சொன்னதே சரி வந்தது.

என் மனதை உறுத்துவது வேறொன்று. ஒரு பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளர் சொன்ன பெயரையே அந்தப் பிள்ளைக்கு வைத்தார்கள். 1841இல் வெளிவந்த 'உதயதாரகை' பத்திரிகையின் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேய்சன். வெள்ளைக்காரர் என்று நினைப்பாய்; இருவரும் தமிழர். சோறும் படிப்பும் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் தாய் தகப்பன் வைத்த பெயரை மாற்றியது அநியாயம்.

படித்தவர்கள் மதம் பரப்பப் போகாமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்ற மனக்குறையோடு 1855இல் மிஷன் செமினரியை மூடியது. சில வருஷங்களுக்குள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்த இருவரும் செமினரியில் படித்தவர்கள்: கறோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளை பிறகு கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். மூடியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பதே என் எண்ணம். அந்த இடத்தில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

நீ பொஸ்ரனில் இருக்கிறாய். மிஷனாரின் கடிதங்களும் அறிக்கைகளும் பக்கத்திலே ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. ஒரு லீவு நாளில் போய், பண்டத்தரிப்புப் பிள்ளைகளின் சொந்தப் பெயர் எங்காவது கிடந்தால் எழுதி அனுப்பு.

அன்புடன்,
சித்தப்பா