சுவரில் யாருடைய படம்?

அமெரிக்க இயக்குநர் ஸ்பைக் லீ 1989ஆம் ஆண்டில் 'டூ த ரைட் திங்' என்னும் திரைப்படத்தை வெளியிட்டார். 'சரியானதைச் செய்' என்பது அத்தலைப்பின் பொருள். நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில், கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் தெரு ஒன்றில் கதை நிகழ்கிறது. இத்தாலிய மரபினரான சால் என்பவர் அங்கே 25 ஆண்டுகளாகப் பீட்சா கடை நடத்துகிறார். அத்தெருப் பிள்ளைகள் அவர் கடை உணவை உண்டு வளர்ந்தவர்கள். ஆனால் கடைச் சுவரில் இத்தாலிய மரபினரின் படங்கள் மட்டுமே உள்ளன. தம்மவர் படம் ஏன் இல்லை என்று இளைஞன் ஒருவன் கேட்கிறான், கடையிலிருந்து வெளியேற்றப்படுகிறான். வெயில் கொளுத்தும் அந்நாளின் இரவில் சண்டை மூள்கிறது. காவலரின் பிடியில் கறுப்பின இளைஞன் ஒருவன் உயிரிழக்கிறான், கடை எரிக்கப்படுகிறது.

இத்தகைய துயரம் இடுக்கி எல்லைக்கும் புதிதன்று. தேனி மாவட்டத்தின் வீடுகளிலும் கடைகளிலும் பென்னிகுக்கின் படத்தைக் காணலாம். 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பொறியாளர் அவர். அவ்வணையின் நீரே தேனி, மதுரை வயல்களை வாழ்விக்கிறது. அணைக்குக் கீழே கேரளத்தில் வாழ்வோருக்கோ அப்பழைய அணை அச்சம் தருவது. 2011இல் இடுக்கியில் நிலநடுக்கம் உணரப்பட்டபோது அவ்வச்சம் பெருகியது. டிசம்பரில் அது பகையாக மாறியது. குமுளிச் சாலை அடைபட்டது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பலர் குடும்பத்தோடு மலையிறங்கித் தேனி மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தனர். தமிழ்நாட்டிலோ மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அணையைப் பற்றிய அச்சத்திற்கும் தண்ணீரைப் பற்றிய கவலைக்கும், இவற்றில் பங்கில்லாத எளியோர் விலை கொடுத்தனர்.

உண்மையில் அந்த அச்சம் மொழியைப் பார்ப்பதில்லை. அணைக்குக் கீழே உள்ள வண்டிப்பெரியாற்றில் மலையாளிகளோடு தமிழ்த் தேயிலைத் தொழிலாளரும் வாழ்கின்றனர். கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் காய்கறி கேரளத்தின் அடுப்புகளுக்குச் செல்கிறது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் நாள்தோறும் ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகின்றன.

அணையின் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த வீட்டார்மீது கொள்ளும் நம்பிக்கையைத் தீர்ப்பால் அளக்க இயலாது. அதை அண்டை அயலாரே வளர்க்க வேண்டும். சால் அந்த இளைஞனின் கேள்விக்குச் சற்றே செவிசாய்த்து, சுவரில் ஒரு படத்திற்கு இடம் தந்திருக்கலாம். எல்லையோரப் பள்ளியில் தமிழ்க் குழந்தையும் மலையாளக் குழந்தையும் ஒரே பலகையில் அமர்கின்றனர். ஒருவர் வீட்டின் அச்சத்தை மற்றவர் கேட்டறிவதே அவர்கள் செய்யத்தக்க சரியான செயல்.