வேலை இல்லாத கடற்கரை

தூத்துக்குடிக்காரனுக்கு மாலத்தீவு ஒன்றும் எட்டாத ஊர் அல்ல. பழைய துறைமுகத்துக்குப் போனால் வெங்காய மூட்டையும் ஜல்லியும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு அங்கே கிளம்பும் தோணிகளைப் பார்க்கலாம். என் சின்ன வயதில் எங்கள் தெருவில் பாதி அடுப்பு எரிந்தது தோணிக் காசில்தான். போய்வந்தவர்கள் சொன்ன கதைகளில் பேய்க்காற்று உண்டு, சரக்கு இறக்க நாள்கணக்கில் காத்துக்கிடந்தது உண்டு, குடிதண்ணீருக்குப் பட்ட பாடு உண்டு. ஓய்வெடுக்க அங்கே ஆள் போவார்கள் என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை.

மகள் பணம் கட்டி என்னையும் என் மனைவியையும் அங்குள்ள ரிசார்ட் ஒன்றுக்கு அனுப்பிவைத்தாள். போட்ட ஒரே நிபந்தனை, "அப்பா, அங்க போய் எதையும் நோண்டாதீங்க. சும்மா இருங்க." சும்மா இருப்பதன் அருமையைத் தாயுமானவரும் பாடியிருக்கிறார். அவர் அதற்கு இவ்வளவு வாடகை வாங்கியதில்லை.

விமான நிலையமே ஒரு தீவு. வாசலைத் தாண்டினால் ஆட்டோ ஸ்டாண்டு இருக்கவேண்டிய இடத்தில் படகுகள் நிற்கின்றன. சுங்கத்தில், எங்களுக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரரின் பெட்டியிலிருந்து மது பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டு, திரும்பும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அடுத்த ஒரு மணி நேரத்தில் ரிசார்ட்டின் கடையில் அதே சரக்கு கையில் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஒரே நாடு, இரண்டு சட்டம். மக்கள் வாழும் தீவில் மதுவுக்கும் நீச்சலுடைக்கும் தடை. ரிசார்ட் தீவில் இரண்டும் தாராளம். நடுவே வேலியாக இருப்பது கடல்.

இந்த இடத்தில் இபின் பதூதாவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1343-ல் அங்கே போய்ச் சேர்ந்த அந்த மொராக்கோப் பயணியைத் தீர்ப்புச் சொல்லும் காஜியாக்கி உட்காரவைத்தார்கள். தீவுப் பெண்கள் மேலாடை இல்லாமல் நடமாடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. என்னென்னவோ செய்து பார்த்தார். தன் முன் வழக்குக்கு வரும் பெண்களை மூடிக்கொண்டு வரச்செய்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். பிறகு அங்குள்ள வசீருடன் மனக்கசப்பாகி, கிளம்பி, கடைசியில் வந்து சேர்ந்தது நம் மதுரைக்கு. அப்போதைய மதுரை சுல்தான் கியாசுதீன் அவருக்குச் சகலை முறை. இரண்டு பேரும் உட்கார்ந்து மாலத்தீவு மேல் படையெடுக்கத் திட்டம் போட்டார்கள். அது கைகூடவில்லை. கூடியிருந்தால் தூத்துக்குடித் தோணிக்காரர்கள் பாஸ்போர்ட் இல்லாமல் போய்வந்திருக்கலாம்.

எங்கள் தீவை ஒரு சுற்றுச் சுற்றி வர, சாவகாசமாக நடந்தாலும் கால் மணி நேரம்தான். ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பது அங்கே வழக்கமாகிவிட்ட ஏற்பாடு. சுமார் 1,200 தீவுகளில் மக்கள் குடியிருப்பது இருநூறுக்கும் குறைவான தீவுகளில். மற்றவை சும்மா கிடந்தன. பவள மணலுக்கு அடியில், உப்புத் தண்ணீர் மேல் மெல்லிய ஏடாக மிதக்கும் மழைத் தண்ணீர்தான் அவற்றின் மொத்த ஊற்று. அதை நம்பி எத்தனை குடும்பம் குடியேற முடியும்? தேங்காய் பறிக்க வருவார்கள், மீன் காயப்போட வருவார்கள், போய்விடுவார்கள். 1960-களில் வந்த ஐ.நா. வல்லுநர்கள், இங்கே சுற்றுலாவுக்கு வழியே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனதாக அங்கே இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். 1972-ல் ஜார்ஜ் கார்பின் என்ற இத்தாலியரும் உள்ளூர் இளைஞர்கள் சிலரும் சேர்ந்து பவளக்கல் சுவரும் தென்னங்கீற்றுக் கூரையுமாக முப்பது அறை கட்டி 'குரும்பா' என்று பெயர் வைத்தார்கள். நம் குரும்பைதான், இளங்காய். அங்கிருந்து தொடங்கியது எல்லாம். ஆள் வாழ வசதியில்லை என்று விட்டு வைத்த இடங்களுக்கே இன்று உலகத்தில் கிராக்கி.

அறையைத் திறந்தால் இருபது அடியில் கடல். பச்சையும் நீலமுமாக, கண்ணாடியைக் கரைத்து ஊற்றியது போல. கடற்கரையில் ஓர் ஆள் இல்லை. முதல் நாள் சொக்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதை மறைக்க வேண்டியதில்லை. அடுத்த நாள் ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. எங்கள் ஊர்த் திரேஸ்புரத்துக் கரையில் காலை வைத்தால் வலை பின்னுகிறவர், கருவாட்டைப் புரட்டுகிறவர், ஏலம் கூவுகிறவர், எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கெட்ட வார்த்தையில் திட்டுகிறவர், எல்லாருமாகச் சேர்ந்ததுதான் கரை. நாற்றமும் அதில் சேர்த்தி. இந்தக் கரைக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரு படகு இழுத்த தடம் இல்லை, ஒரு மீன் செதில் இல்லை. பார்க்கப்படுவதைத் தவிர அதற்கு வேறு பிழைப்பு கிடையாது. என் மனைவி இன்னும் சுருக்கமாகச் சொன்னாள்: "என்னங்க, காசு கொடுத்து பேச்சுத்துணை இல்லாத ஊருக்கு வந்திருக்கோம்."

ஆனால் அந்தக் கரைக்குப் பின்னால் உழைப்பு இல்லாமல் இல்லை. விடியும் முன் எழுந்து பழகியவன் என்பதால் எனக்கு அது கண்ணில் பட்டது. இருட்டோடு இருட்டாக இரண்டு பையன்கள் வந்து, இரவில் ஒதுங்கிய பாசியையும் தென்னை மட்டையையும் அள்ளிக்கொண்டு, மணலைப் பல்வாரியால் வாரிவிட்டுப் போகிறார்கள். தீவின் ஒரு முனையில் பம்பு ஓடுகிறது. குழாய் வழியாக மணலும் தண்ணீருமாகச் சேற்றுக் குழம்பு கொட்டுகிறது. கடல் கொண்டுபோன மணலைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் சேரும், வடகிழக்கில் அது திரும்பி வரும். அந்தத் தீவுகள் எப்போதும் அப்படி இடம் மாறிப் படுப்பவைதான். வாடகை அறை கட்டிய பிறகு அவற்றைப் புரண்டு படுக்க விடுவதில்லை. மணல்மூட்டை, கல்தடுப்பு, பம்பு என்று ஏதாவது ஒன்று.

அந்த மணல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்ததும் என் மனைவி காலைத் தூக்கிக்கொண்டாள். நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டே கிளி மீன், பச்சையும் நீலமுமாக, வாயில் கிளி மூக்கோடு. அது பாசிக்காகப் பவளப்பாறையைக் கடித்து அரைத்து, வேண்டாததை மணலாகக் கழிக்கிறது. வக்காரு என்ற தீவின் பாறையில் நடந்த ஆய்வு ஒன்று, புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளி மீன்களின் உபயம் என்கிறது. கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முகத்தை வைத்தால் அவை பாறையைக் கொறிக்கும் சத்தமே கேட்கிறது, யாரோ கரும்பு கடிப்பது மாதிரி. அந்தப் பாறைக்கும் கேடு வந்தது: 1998-ல் கடல் சூடேறியபோது ஆழமில்லாத இடங்களின் பவளம் பெரும்பாலும் வெளுத்துச் செத்தது. 2016-ல் மறுபடி அடி. இவ்வளவு தேனிலவும் நடப்பது அந்தக் கிளி மீனின் தயவில். விளம்பரத்தில் அதைச் சொல்லமாட்டார்கள்.

மூன்று வேளையும் பஃபே. உலகத்துச் சாப்பாடு எல்லாம் நீளமாக அடுக்கியிருக்க, ஒரு மூலையில் சின்னக் கிண்ணத்தில் மஸ் ஹுனி வைத்திருந்தார்கள். சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை போட்டுப் பிசைந்தது. ரொட்டியோடு சாப்பிட்டால் நம் மாசிக்கருவாட்டுச் சம்பலுக்குப் பக்கத்து வீடு. நான் அந்த மூலையையே சுற்றிச்சுற்றி வந்ததைப் பார்த்துத்தான் பரிமாறும் பையன் கிட்டே வந்தான்.

"அண்ணாச்சி, தூத்துக்குடிப் பக்கமா? பேச்சுலயே தெரியுது. நமக்கு உடன்குடி."

அவ்வளவுதான், என் மனைவிக்கு உயிர் வந்துவிட்டது. "ஏம்ப்பா, உங்களுக்குச் சாப்பாடெல்லாம் ஒழுங்காப் போடுதாங்களா?" என்று ஆரம்பித்தாள். "போடுதாங்க மைனி. பங்களாதேஷ் மாஸ்டர். புளிக்குழம்புன்னா என்னன்னு அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

அவன் தயவில்தான் தீவின் நடுவைப் பார்த்தேன். கரையைச் சுற்றி விருந்தாளிகள். நடுவில், அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் ஜெனரேட்டர், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் இயந்திரம், துவைக்கும் கூடம், ஊழியர் குடியிருப்பு, மசூதி, கிரிக்கெட் ஆடச் சின்ன இடம். விருந்தாளிகளைவிட ஊழியர்கள் அதிகம் என்றான் பையன். பகலெல்லாம் நான் பார்த்த ஆளில்லாத் தீவுக்கு நடுவே ஒரு தெருவே இருந்திருக்கிறது. பின்பக்க ஜெட்டியில் சரக்குப் படகு வந்தது. டீசல் பீப்பாய், முட்டை அட்டை, தக்காளிக் கூடை. வெங்காய மூட்டையைத் திருப்பிப் பார்த்தேன். கோணிப்பையில் தமிழ் எழுத்து இல்லை, ஆனாலும் அது எங்கள் தோணியில் வந்தது என்றே வைத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து என் நாற்காலியை அந்தப் பக்கம் போட்டுக்கொண்டேன். மேனேஜர் பதறிப்போய், "சார், சன்செட் பாயின்ட் அந்தப் பக்கம்" என்றார். சூரியன் எங்கே போய்விடப் போகிறது?

ஒரு பிற்பகல் பக்கத்துத் தீவுக்குக் கூட்டிப்போனார்கள். மனிதர்கள் வாழும் தீவு. துறையில் சூரைப் படகுகள். வலை போடுவதில்லை, சின்ன மீனை வீசிச் சூரையைக் கூட்டம் கூட்டி, கம்புத் தூண்டிலால் ஒவ்வொன்றாக இழுத்துப் போடுவார்கள், பல நூறு வருஷத்துப் பழக்கம். தெரு ஓரத்தில் கயிறு பின்னிய தொங்கு நாற்காலிகளில் கிழவர்கள் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள். 2010 வாக்கில் இப்படிப்பட்ட ஊர்களிலும் விருந்தினர் வீடு நடத்த அனுமதி வந்துவிட்டது. வெளிநாட்டார் குளிக்க மட்டும் கரையில் ஓரிடத்தைத் தட்டி கட்டி மறைத்திருந்தார்கள். இபின் பதூதா பார்த்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பாரோ. அங்கே ஒரு வீட்டு வாசலில் மீன் அவியும் வாசனை வர, என் மனைவி நின்றுவிட்டாள். மொழி தெரியாமலே அந்த வீட்டுக்காரம்மாவும் அவளும் அரை மணி நேரம் பேசினார்கள். படகுக்காரர் வந்து கூப்பிட வேண்டியதாயிற்று. அந்த ஊரில் ஒரு நாள் வாடகை ரிசார்ட்டில் ஒரு சாப்பாட்டுக்கு ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டு, மகளிடம் சொல்லவேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

கிளம்புகிற அன்று அவளே போன் பண்ணினாள். "அம்மா, நல்லா ரெஸ்ட் எடுத்தீங்களா?"

"அதெல்லாம் இருக்கட்டும்டி. இங்க உடன்குடிப் பையன் ஒருத்தன் இருக்கான், தங்கமான பிள்ளை. அவனுக்குப் பொண்ணு பாக்கணும். உன் கூட வேலை பாக்குறாளே, அந்த ஆறுமுகநேரிக்காரி, அவளுக்கு முடிஞ்சிருச்சா?"