உடம்பு இளைத்தது, கண்ணாடி பொருந்தவில்லை

இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று பயிரைப் பற்றியது அல்ல. சூளகிரிப் பக்கத்துத் தக்காளி விவசாயி ஒருவர் எழுதியிருக்கிறார்: "நாலு மாதத்தில் 12 கிலோ இளைத்துவிட்டேன். அதிலிருந்து பார்வை மங்குகிறது. கண்ணாடி மாற்றினால் சரியாகுமா?" வேளாண்மை அலுவலரிடம் கேட்கிற கேள்வி இல்லைதான். ஆனால் நான் பட்டவன். அதனால் நானே எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மூன்று வருடம் முன்பு என் எடை 84 கிலோவிலிருந்து 71-க்கு இறங்கியது. காலையில் நடக்கிறேன், ராத்திரி சோற்றை விட்டுக் களிக்கு மாறிவிட்டேன், அதன் பலன் என்று பெருமை எனக்கு. "பத்து வயசு குறைஞ்சிட்டீங்க சார்" என்றார்கள் அலுவலகத்தில். ராத்திரியில் மூன்று முறை சிறுநீருக்கு எழுந்ததையும், அடங்காத தாகத்தையும் கணக்கில் எடுக்கவில்லை. ஓசூர் பேருந்து நிலையத்தில் பஸ்ஸின் ஊர்ப் பலகை தெரியாமல் போனதும், நேராகக் கடைக்குப் போய் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து வேறு எதற்கோ ரத்தம் கொடுத்தபோது சர்க்கரை 380. இளைத்தது நடையால் அல்ல. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல், உடம்பு தன் கொழுப்பையும் தசையையுமே கரைத்துத் தின்றிருக்கிறது. மாத்திரை தொடங்கினேன், சர்க்கரை மளமளவென்று இறங்கியது.

அந்த நேரத்தில்தான் பாகலூர் பக்கம் ஒரு பசுமைக்குடில் ரோஜாவைப் பார்க்கப் போனேன். ஜனவரிக் கடைசி. பிப்ரவரி 14-க்குப் போக வேண்டிய பூ. இலையைத் திருப்பிக் காட்டி, "சார், இது பேனா பாருங்க" என்றார் விவசாயி. கண்ணாடியோடு பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன். "தூசுதான்" என்றேன். சிவப்புச் சிலந்திப்பேன் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பையில் லென்ஸ் இருந்தது. 28 வருட அனுபவம் அதை எடுக்க விடவில்லை. பத்து நாளில் இலைகள் வெளிறி நூலாம்படை கட்டின. பூவில் பாதி தரம் தேறவில்லை.

பிறகுதான் கண் மருத்துவரிடம் போனேன். சர்க்கரை ஏறினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ், ஊறப்போட்ட கொள்ளு மாதிரி, தண்ணீரை இழுத்து உப்பும். தூரப் பார்வை மங்கும். சிகிச்சையில் சர்க்கரை இறங்கும்போது நிலைமை எதிர்ப்பக்கம் போகும். கிட்டப் பார்வை குழம்பும். சில வாரங்களில் தானாகவே நிலைப்படும். நடுவில் வாங்கிய கண்ணாடி எதற்கும் உதவாது. என்னுடையது இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

ஆகவே சூளகிரி நண்பரே, முதலில் கண்ணாடிக் கடை வேண்டாம், சர்க்கரையைப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கி வைத்ததே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை தரும் திட்டம் அது. சர்க்கரை சரியாக இருந்தால் தைராய்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது அதிகமாகச் சுரந்தாலும் உடம்பு இளைக்கும், சிலருக்குக் கண் பிதுங்கி எல்லாம் இரண்டாகத் தெரியும். சளி, இருமல், மாலைக் காய்ச்சல் என்றால் காசநோய்ப் பரிசோதனை. காசநோய்க்குத் தரும் எத்தாம்புட்டால் மாத்திரை சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும். தக்காளியில் சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்கத் தடுமாறினால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சர்க்கரை இருப்பது உறுதியானால், சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் பார்த்துவிடுங்கள். அன்று வண்டி ஓட்டிக்கொண்டு திரும்ப முடியாது, மகனையோ மருமகனையோ கூட்டிப் போங்கள். பல வருடச் சர்க்கரை வேகமாக இறங்கும்போது, ஏற்கெனவே பழுதான விழித்திரை கொஞ்ச காலம் மோசமாகலாம் என்பது 1990-களிலேயே அமெரிக்க ஆய்வில் தெரிந்த விஷயம். அதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. கண்ணைக் கூடவே கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். சிப்காட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இப்போது எடை குறைக்கும் ஊசியைப் பற்றிப் பேசுகிறார்கள். சர்க்கரை உள்ளவர்கள் அதைப் போடும் முன் விழித்திரையைக் காட்டிவிடுவது நல்லது. பட்டினி கிடந்து இளைப்பவர்களுக்கு இன்னொன்று: வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும். முருங்கைக்கீரையில் அது கிடைக்கிறது, ஆனால் எண்ணெய் சேராமல் உடம்பில் ஒட்டாது.

திடீரென்று ஒரு கண்ணில் திரை விழுந்த மாதிரி இருந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

அந்த ரோஜா விவசாயி இப்போதும் என்னைக் கூப்பிடுகிறார். குடிலுக்குள் நுழைந்ததும் இலையைத் தருவதற்கு முன்னால் லென்ஸை நீட்டுகிறார்.