சித்திரை வெயிலைவிட மாசி வெயில் உசத்தி! கமுதி சொல்லும் சோலார் கணக்கு

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ‘தண்ணியில்லாக் காடு’ என்ற பட்டப்பெயர் எப்போது வந்ததோ, போகமாட்டேன் என்கிறது. சினிமாவில் மேலதிகாரிக்குக் கோபம் வந்தால் ஹீரோவுக்கு இந்தப் பக்கம்தான் டிரான்ஸ்ஃபர். ஆனால், எந்த வெயிலைச் சொல்லிப் பயமுறுத்தினார்களோ, அதே வெயிலைத் தேடித்தான் கமுதிக்குப் பல ஆயிரம் கோடி ரூபாய் முதலீடு வந்து இறங்கியது.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக கமுதி சுமார் 90 கிலோமீட்டர். அருப்புக்கோட்டை தாண்டியதும் ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான். அங்கங்கே கரிமூட்டம் புகைந்துகொண்டிருக்கும். நான் போனது மாசி மாதம் என்பதால் இன்னொரு நிறமும் சேர்ந்துகொண்டது. களத்திலும் ரோட்டோரத்திலும் சிவப்புச் சிவப்பாகக் காயும் மிளகாய். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய், குட்டையாக, உருண்டையாக இருக்கும். பஸ் ஜன்னலைத் திறந்தால் ஒரு தும்மல் நிச்சயம்.

சிவப்பு முடிந்து சற்று நேரத்தில் நீலம் தொடங்குகிறது. செங்கப்படை பக்கம் சுமார் 2,500 ஏக்கரில், 25 லட்சம் சோலார் பேனல்கள். அதானி குழுமம் 2016-ல் முடித்த இந்த நிலையத்தின் திறன் 648 மெகாவாட். அந்தச் சமயத்தில் ஒரே இடத்தில் அமைந்த சோலார் நிலையங்களில் உலகிலேயே பெரியது இதுதான். பிறகு ராஜஸ்தானின் பட்லா போன்ற பூங்காக்கள் முந்திவிட்டன. பேனல்களில் படியும் தூசியைத் துடைக்க ரோபோக்கள் ஓடுகின்றன. அவற்றுக்கும் வெயிலில்தான் சார்ஜ்.

ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. இங்கே உற்பத்தியாகும் மின்சாரத்துக்கு 2015-ல் பேசிய விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 பைசா. அப்போதே அது சர்ச்சையானது. இன்று நாட்டில் நடக்கும் சோலார் ஏலங்களில் விலை 3 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. முதலில் கடைக்குப் போகிறவர் அதிக விலை கொடுப்பது வழக்கம்தான் என்றாலும், கொஞ்சம் உறுத்துகிறது.

வேலிக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், “இங்க முன்னாடி என்ன இருந்துச்சு தாத்தா?” என்றேன். “மானம் பாத்த காடு தாயி. மழை பேஞ்சா வெள்ளாமை, பேயலேன்னா ஆட்டுக்கு மேய்ச்சல். இப்ப சுத்திக்கிட்டுப் போறேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுற்று எத்தனை தூரம் என்பது அவர் காலுக்குத் தெரியும்.

கமுதிக்குப் போவதற்கு முன்பு, சித்திரை, வைகாசியில்தான் பேனல்கள் கொட்டித் தீர்க்கும் என்று நம்மில் பலரைப் போல நானும் நினைத்திருந்தேன். அக்னி நட்சத்திரம் ஆயிற்றே! ஆனால் பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. கம்பெனிகள் பேனலின் திறனைக் குறிப்பது, அதன் செல்கள் 25 டிகிரியில் இருக்கும்போது என்ற கணக்கில். கோடை நண்பகலில் மொட்டைமாடிப் பேனல் 60, 65 டிகிரி வரை கொதிக்கும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவிகிதம் வரை உற்பத்தி குறையும். 65 டிகிரி என்றால் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு வரை போய்விடும்.

மாசி, பங்குனியில் வானம் துடைத்து வைத்தது போல் இருக்கும். வெளிச்சம் அதிகம், சூடு அவ்வளவு இல்லை. அதனால்தான் பேனலுக்கு இது பொன்னான பருவம். மிளகாய் காய்வதும் பேனல் கொழிப்பதும் ஒரே மாதங்களில்!

சித்திரைப் பிறப்பையொட்டி கமுதியில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். நம் நிழல் காலடியில் ஒளிந்துகொள்ளும். அதன்பின் ஆவணி வரை உச்சிச் சூரியன் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். பேனல்களோ தெற்கு பார்த்து நிற்கின்றன. சூட்டோடு இதுவும் சேர்ந்து உற்பத்தி கொஞ்சம் இறங்கும். ஆடிக்காற்று பேனலைக் குளிர்விக்கும், கூடவே புழுதியையும் பூசிவிட்டுப் போகும். உண்மையான இறக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான். வடகிழக்குப் பருவமழை மேகங்கள் திரண்டுவிட்டால் பேனலுக்குப் பாதி நாள் வேலையில்லை. மிளகாய்ச் செடிக்கு மழை வேண்டும், மாடிக்கு வெயில் வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் எதற்கு வேண்டிக்கொள்வது?

அப்படி ஒரு வீட்டில்தான் மோர் குடித்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர், மாடியில் 3 கிலோவாட் போட்டிருக்கிறார். செல்போன் ஆப்பைத் திறந்து ஒரு வருடக் கட்டங்களைக் காட்டினார். மார்ச் நிமிர்ந்து நிற்கிறது, மே லேசாகக் குனிகிறது, நவம்பர் உட்கார்ந்தேவிட்டது. “ஒரு நாளைக்கு 12 யூனிட்னு சொல்லித்தாம்மா போட்டாங்க. கார்த்திகையில குறைஞ்சதும் மெஷின் ரிப்பேர்னு நெனச்சு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்” என்றார். பக்கத்திலிருந்த அவர் மனைவி, “லோனு கட்டுறது எல்லா மாசமும் ஒண்ணுதான” என்று குறுக்கே ஒரு வரி போட்டார். விஷயமே அந்த வரியில்தான் இருக்கிறது.

அவரிடம் சொன்ன 12 யூனிட் பொய் இல்லை. அது வருடச் சராசரி. தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல், வருடம் முழுக்கப் பார்த்தால் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். நல்ல மாதத்தில் 5-ஐ நெருங்கும், மழை மாதத்தில் 3 பக்கம் இறங்கும். நமக்கோ இரண்டு மாதத்துக்கு ஒரு பில். மாசி, பங்குனி பில்லைப் பார்த்துச் சிரித்தவர்கள், கார்த்திகை பில்லைப் பார்த்து முழிப்பது இதனால்தான். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. மீதிக்கு லோன் போடுவதாக இருந்தால், “நாளைக்கு எத்தனை யூனிட்?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், மாதவாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தவணையைத் தாங்குமா என்பதைக் கார்த்திகைக் கணக்கை வைத்துப் பாருங்கள்.

இடம் பார்ப்பதற்கும் ஒரு மாதம் உண்டு. மார்கழியில் சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால், தெற்குப் பக்கத்துத் தென்னையின் நிழல் நீளமாக விழும். அந்த மாதம் காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை மாடியில் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வைத்துக்கொள்ளலாம். தண்ணீர்த் தொட்டியின் நிழலையும் விடாதீர்கள். ஒரு பேனலின் ஓரத்தில் விழும் நிழல், அதோடு கோத்திருக்கும் மற்ற பேனல்களையும் இழுத்துவிடும்.

ஆசிரியர் வீட்டில் பேனல் கழுவுவது அம்மாவின் பொறுப்பு. வெயில் ஏறுவதற்கு முன், இரண்டு குடம் தண்ணீர், ஒரு பழைய பருத்தித் துணி, அவ்வளவுதான். கழுவி வழியும் தண்ணீர் வீணாகாமல் இருக்க, மாடிக் குழாய்க்குக் கீழே முருங்கை வைத்திருக்கிறார். நான் கிளம்பும்போது பையில் நாலு முருங்கைக்காய் இருந்தது.