அம்பாஞ்சா வேலியோரம்

மடகாஸ்கரின் வடமேற்கில், சம்பிரானோ பள்ளத்தாக்கில் இருக்கிறது அம்பாஞ்சா. கொக்கோவுக்குப் பேர்போன ஊர். ஊரைத் தாண்டியதும் வழிகாட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். வேலிப் புதரில் முழங்கை நீளத்துக்கு ஓர் ஆண் பச்சோந்தி. இலைப் பச்சை உடம்பு, குறுக்கே நீலப் பட்டைகள். ஒரு கண் எங்கள் மேல், மறு கண் சாலையில்.

புதரின் அந்தப் பக்கம் இன்னோர் ஆண் ஏறி வந்ததுதான் தாமதம், இது உடம்பைத் தட்டையாக்கி அகலம் காட்டி நின்றது. பச்சை வெளிறி மஞ்சளாயிற்று. நீலப் பட்டைகள் வெளுத்தன, சிவப்புப் புள்ளிகள் தணலாயின. சில நிமிடங்களில் வேறொரு பிராணி! வந்த ஆணும் நிறமேற்றிப் பார்த்தது. ஈடுகொடுக்க முடியாமல் பழுப்பேறிக் கறுத்து இறங்கிப் போய்விட்டது. கடி இல்லை, காயம் இல்லை.

ஒளிந்துகொள்ளத்தான் பச்சோந்தி நிறம் மாறுகிறது என்று நம்மில் பலர் நம்புகிறோம். ஒளிந்திருக்க அதன் இயல்பான பச்சையே போதும். நிறம் மாறும்போதுதான் பருந்தின் கண்ணுக்கும் பளிச்சென்று படுகிறது. அந்த ஆபத்துக்குத் துணிந்து அது சொல்வது ஒன்றுதான்: இது என் கிளை.

சிறுத்தைப் பச்சோந்தி எனப்படும் இந்த இனத்தின் தோலைத்தான் ஜெனீவா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தோல் செல்களுக்குள் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் அணிவகுத்து நிற்கின்றன. பிராணி அமைதியாக இருக்கையில் அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். மேலேயுள்ள மஞ்சள் நிறமியும் அதோடு சேர, நம் கண்ணுக்குப் பச்சை. சினம் வந்தால் படிகங்களின் இடைவெளி விரிகிறது. அப்போது மஞ்சளும் சிவப்புமாக நீண்ட அலைகள் திரும்புகின்றன. நிறமி மாறாமல், இடைவெளியால் மட்டுமே நிறமாற்றம்! இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பெண்ணுக்கும் சொல்ல இருக்கிறது. முட்டை சுமப்பவள் கறுத்து, ஆரஞ்சுத் திட்டுகளோடு 'கிட்டே வராதே' என்பாள். குளிர்ந்த காலையில் பல இனங்கள் கறுத்து வெயில் காய்வதும் உண்டு.

சாலையோரங்களில் குச்சியில் ஏற்றிய பச்சோந்தியை நீட்டிப் படமெடுக்கக் காசு கேட்பார்கள். அங்கே போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கையில் வாங்காதீர்கள். அது கறுத்து வாயைப் பிளந்தால் அழகு காட்டவில்லை, அஞ்சுகிறது. விலகி நில்லுங்கள்.