தோழருக்கு நான் எழுதிய தீர்ப்பு

வடமராட்சியில் சைவசமய ஆசிரியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு செத்தவீட்டில், தகப்பனை இழந்த பிள்ளை கேட்ட கேள்விக்குச் சாத்திரத்தின் பேரால் பொய் சொன்னேன். தெரியாமல் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது.

இறந்தவரை ஊரில் எல்லாரும் தோழர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாசிகசாலையில் பேப்பரை விரித்தால் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம் தொடங்கிவிடும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போக வந்து, சாதியைச் சொல்லி மறிக்கப்பட்ட சனங்களோடு, தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுவன் அவர். மறித்தவர்களுக்கு முன்னின்ற சி. சுந்தரலிங்கம் கணிதப் பேராசிரியர், நாட்டின் முதல் அமைச்சரவையில் இருந்தவர். இவ்வளவு படித்தவர் ஆகமத்தைச் சொல்லி வாசலை அடைத்ததைக் கண்ட பிள்ளைக்கு அன்றோடு கோயில் விட்டுப்போயிற்று. "உள்ளை விடாத சாமி இருந்தாலென்ன, இல்லாட்டி என்ன மாஸ்ரர்?" என்பார். மறித்தவர்களின் சாதியில் பிறந்த என்னிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. கோபம்தான் இருந்தது. வருடக்கணக்காக அதை வளர்த்தேன்.

அவர் காலமானபோது ஒரு கொப்பியில் விருப்பத்தை எழுதி வைத்திருந்தார். பறை வேண்டாம், சுண்ணம் இடிக்க வேண்டாம், ஐயரைக் கூப்பிட வேண்டாம், உடலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்துக்குக் கொடுத்துவிடுங்கள். உறவுக்குள் இழுபறி. கொள்ளி வைக்காமல் எப்படி அனுப்புவது என்று ஒரு பகுதி, சொன்னதைச் செய்வோம் என்று மற்றப் பகுதி. கடைசியில் அவர் மனைவி என்னைப் பார்த்து, "மாஸ்ரர், நீங்கள் படிச்சனீங்கள், சொல்லுங்கோ" என்றார். பத்தாம் ஆண்டில் என்னிடம் சமயம் படித்துக்கொண்டிருந்த மகன் பக்கத்தில் நின்றான். "கிரியை செய்யாட்டி அப்பா எங்கை போவார் சேர்?"

"கடவுள் இல்லை எண்டவருக்குச் சிவபதம் எங்காலை? அந்தியேட்டியும் இல்லாட்டி நரகத்திலையும் இடமில்லாமல் அலையவேண்டியதுதான்" என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு கொப்பி மூடப்பட்டது. ஐயர் வந்தார், சுண்ணம் இடித்தார்கள், பிள்ளை கொள்ளிக்குடம் தூக்கினான், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலை போனார்கள். மருத்துவபீடத்துக்கு உடல் போகவில்லை.

அன்று எனக்குத் தெரிந்திருந்தவற்றைச் சொல்கிறேன். சைவப்புலவர் பரீட்சைக்காகச் சிவஞானசித்தியாரை இரவிரவாகப் படித்தவன் நான். அருணந்தி சிவாசாரியார் அந்த நூலின் பரபக்கத்தில் முதலில் எடுத்து மறுப்பது உலகாயதனைத்தான். கடவுளும் மறுபிறப்பும் இல்லை என்பவன் அவன். ஆனால் அந்த உலகாயதத்தையும் நம் சாத்திரம் ஒரு சமயமாகவே எண்ணிப் புறப்புறச் சமயங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. உயிர் புறச்சமயங்களில் நின்று, அகச்சமயம் புகுந்து, பிறவிதோறும் படிப்படியாகச் சைவத்துக்கு ஏறி வருகிறது என்று அதே நூலின் சுபக்கத்து எட்டாம் சூத்திரம் பேசுகிறது. அந்தக் கணக்கின்படி தோழர் ஏணிக்கு வெளியே விழுந்தவரல்ல, அதன் முதல் படிகளில் நின்றவர். நானும் ஏதோவொரு பிறவியில் அங்கே நின்றிருப்பேன்.

நரகம் இல்லை என்று சித்தாந்தம் சொல்லவில்லை. இறைவன் ஆணைக்கு மாறாக நடப்பவன் அங்கே துன்பப்படுவான் என்பது சித்தியாரிலேயே உண்டு. சிவநிந்தை பெரும்பாவம் என்பதும் உண்மை. ஆனால் அந்தத் தண்டனையைச் சித்தியார் விளக்குவது, சொற்கேளாத பிள்ளையைப் பெற்றவர்கள் அடித்துத் திருத்துவதுபோல என்றுதான். அதன் அடியில் இருப்பது பரிவு. வினை கழிந்தால் உயிர் மறுபடி பிறக்கும், கதவு அடைபடாது. சிறுவயதிலிருந்து நாங்கள் பாடமாக்கிய நாவலரின் சைவ வினாவிடை பாவங்களை அடுக்கும்போது கொலை, களவு, கள்ளுக்குடி, ஊன் உண்ணல், பொய் என்று போகிறது. அந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால், மீன் வாங்க வெள்ளாப்பிலே கரைக்குப் போகும் என் போன்றவன்தான் முதலில் பயப்பட வேண்டும். பொய்யும் அதில் இருக்கிறது.

சாக்கிய நாயனாரை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் படிப்பித்தேன். பௌத்தத் துவராடையோடு நாள்தோறும் சிவலிங்கத்தின் மேல் கல் எறிந்தவர் அறுபத்துமூவரில் ஒருவர். தெருவில் போனவனுக்கு அவர் சிவனைக் கல்லால் அடிக்கும் புறச்சமயி. அவர் உள்ளத்தில் அன்பு இருந்தது, தோழரிடம் அது இருந்ததென்று நான் சொல்ல வரவில்லை. கல்லைப் பார்த்து உள்ளத்தை அளக்க வெளியே நிற்பவனால் முடியாது என்கிறேன். சிவராத்திரியில் மரத்தின் மேலிருந்து தூக்கம் வராமலிருக்க வில்வம் கிள்ளிப் போட்ட வேடனின் கதையும் எனக்குத் தெரியும். அறியாமற் செய்ததையும் புண்ணியமாக ஏற்கும் சமயம் இது. அதற்கு அபுத்திபூர்வ புண்ணியம் என்று பெயரும் வைத்திருக்கிறது. ஊரில் யார் வீட்டில் நோய் என்றாலும் மந்திகை ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடிய மனிதரின் கணக்கில் அப்படி ஒன்றும் சேராதென்று நான் எப்படித் தீர்மானித்தேன்?

கடவுளை நம்பாதவரின் கதி பற்றி விவிலியத்திலும் இரண்டு குரல்கள் உண்டு. யோவான் 3ஆம் அதிகாரம் நம்பாதவன் ஏற்கெனவே தீர்ப்படைந்தான் என்கிறது. மத்தேயு 25இல், கடைசித் தீர்ப்பிலே, பசித்தவனுக்குச் சோறு கொடுத்தாயா, சிறையிலிருந்தவனைப் போய்ப் பார்த்தாயா என்பதே கேள்வி. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றமில்லாமல் கடவுளை அறியாதவர் நேர்மையாக வாழ முயன்றால் மீட்புக்கு வேண்டிய துணையை இறைவன் அவருக்கும் மறுப்பதில்லை என்று எழுதிவைத்தது.

நாத்திகர் யாழ்ப்பாணத்துக்குப் புதியவரும் அல்லர். ஆபிரகாம் கோவூர் கேரளத்திலிருந்து வந்து மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தவர், பாதிரியாரின் மகன். ஒருமுறை விவிலிய பாடத்தையும் அவரிடம் கொடுத்தார்களாம். பிள்ளைகள் எல்லாரும் திறமாகச் சித்தியடைந்தார்கள், விசுவாசம்தான் போய்விட்டது என்று அடுத்த வருடம் அந்தப் பாடத்தை அவரிடம் கொடுக்கவில்லை என்பார்கள். 1978இல் அவர் இறந்தபோது கண்களும் உடலும் அவர் எழுதிவைத்தபடியே கொடுக்கப்பட்டன. அவர் வீட்டில் என்னைப்போல் ஒருவன் குறுக்கே நிற்கவில்லை.

என் குற்றம் அறியாமை அல்ல. வாசிகசாலையில் வெல்ல முடியாத மனிதரை, அவர் திருப்பிப் பேச முடியாத நாளில் வென்றேன். அதற்குச் சிவனையும் நரகத்தையும் கூட்டுச் சேர்த்தேன். மாவிட்டபுரத்தில் அந்தச் சிறுவனை மறித்தார்கள். இறந்த பிறகு அவரை மறித்தவன் நான். அதன் பின் அவர் மகன் என் வகுப்பில் இருந்தான், பரீட்சையும் எழுதினான், என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சமயம் படிப்பிக்கிறவர்களையும் செத்தவீடுகளில் கிரியை செய்கிறவர்களையும் ஒன்று கேட்கிறேன். இறந்தவர் எழுதிவைத்த தாள் இருந்தால், முதலில் அதை எல்லாருக்கும் கேட்கும்படி வாசியுங்கள். பிள்ளை ஒன்று இந்தக் கேள்வியைக் கேட்டால், உங்கள் பழைய கோபத்தை வெளியே வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

தம்பி, நீ இதைப் படித்தால் தெரிந்துகொள்: கொப்பா கேட்டதை நீங்கள் செய்திருக்கலாம். அன்று நான் சொன்னது சாத்திரம் இல்லை, என்னுடைய வன்மம்.