வாட்டம் வேண்டும்!

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கூடத்தைக் காட்டுகிறோம். பூஜை அலமாரியைக் காட்டுகிறோம். சமையல் மேடையைக்கூடக் காட்டிப் பெருமைப்பட்டுக் கொள்கிறோம். குளியலறையை மட்டும் யாரும் காட்டுவதில்லை. ஆனால், வீட்டைப் புதுப்பிக்கலாம் என்று கிளம்பிவிட்டால், சதுர அடிக் கணக்கில் ஜாஸ்தியாகப் பணம் விழுங்குகிற அறைகளில் அதுவும் ஒன்று. இதில் ஆச்சரியம் என்ன? தண்ணீர், சாக்கடை, மின்சாரம் ஆகிய மூன்றும் ஒரு சின்ன அறைக்குள் கூட்டுக் குடித்தனம் நடத்துவது அங்கேதானே!

நம் பாட்டிமார் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. கிணற்றடி, துவைக்கிற கல், வெந்நீர்த் தவலை எல்லாம் வீட்டுக்குப் பின்புறம் இருந்தன. சிந்திய தண்ணீர் வாழை மரத்துக்குப் போயிற்று. நாமோ இரண்டாவது மாடியில் நின்று குளிக்கிறோம். சிந்துகிற தண்ணீர் முதல் மாடிக்காரர் வீட்டுக் கூரையில் சித்திரம் வரைகிறது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பமாயிற்று. சென்னையில் இருபத்தைந்து வயதான ஃபிளாட். ஏழடிக்கு ஐந்தடி குளியலறை. கீழ் வீட்டு அம்மாள் மேலே வந்து, மிகவும் மரியாதையாக, தம் வீட்டுக் கூரையைப் பார்க்க வரும்படி அழைத்தார். பார்த்தோம். தளத்தைப் பெயர்த்துப் புதுப்பிப்பது என்று அன்றே முடிவாயிற்று.

உடனே வீட்டில் ஒரு மகாநாடு கூடியது. என் கணவருக்கு மழை மாதிரி கொட்டுகிற ஷவர் வேண்டும். மகளுக்கு ஆளுயரக் கண்ணாடி வேண்டும். எனக்கு எண்ணெய்க் கிண்ணம் வைக்க ஒரு மாடம் வேண்டும். எழுபத்து நாலு வயதான என் மாமியார் மட்டும், “எனக்கென்ன, நீங்கள் எப்படிச் செய்தாலும் சரி” என்று சொல்லிவிட்டார்.

பத்திரிகைக்காரிக்குக் கேள்வி கேட்பது தொழில் அல்லவா? கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டேன். “என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டாம், அம்மா. அங்கே உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்” என்றேன்.

சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு, “சாயங்காலம் ஆறு மணிக்கு மேலே நான் தண்ணி குடிக்கிறதில்லேம்மா. குடிச்சா ராத்திரி எழுந்து போகணும். அந்தத் தரையிலே காலை வைக்கவே பயமா இருக்கு” என்றார்.

கோடையில் அவருக்கு இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்தது. டாக்டர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். தண்ணீருக்கும் அவருக்கும் நடுவே நின்றது ஒரு வழுக்குத் தளம்! அந்த நிமிஷமே எங்கள் திட்டம் தலைகீழாயிற்று. மழை ஷவர் ஜாபிதாவின் கடைசிக்குப் போயிற்று. தரை முதலிடத்துக்கு வந்தது.

தரைக்கு முதல் லட்சணம், கொத்தனார்கள் சொல்கிற ‘வாட்டம்’. தண்ணீர் தேங்காமல் வடிவாய்ப் பக்கம் ஓடுவதற்காக வைக்கிற சரிவுதான் அது. 80 அங்குல நீளத்துக்கு 1 அங்குலம் இறக்கம் இருந்தால் போதும். எங்கள் ஏழடி அறைக்கு ஏறக்குறைய ஒரே ஓர் அங்குலம்! தேங்கிய தண்ணீரில்தான் பாசி பிடிக்கிறது. பாசியில்தான் கால் வழுக்குகிறது. தளத்துக்கு வாட்டம் இருந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு வாட்டம் இல்லை.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத காரியம். பல ஃபிளாட்டுகளில் குளியலறைத் தளத்தின் கீழே ஒரு பள்ளம் விட்டு, அதில் குழாய்களைப் பதித்து, செங்கல் உடைசல் போட்டு மூடியிருப்பார்கள். பழைய தளத்தைப் பெயர்த்தவுடன் குழாய்களையும் பார்த்துவிட வேண்டும். நீர் கசியாத பூச்சைத் தளத்தில் பூசி, சுவரிலும் ஓரடிக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும்; தண்ணீர் தெறிக்கிற சுவரில் இன்னும் மேலே. பூச்சு காய்ந்ததும் வடிவாயை அடைத்து, 48 மணி நேரம் தண்ணீர் கட்டி வைக்கும்படி சொல்லுங்கள். கீழ் வீட்டில் கூரை நனையவில்லை என்றால்தான் டைல்ஸ் ஒட்டலாம். “நாள் வீணாகிறது” என்று மேஸ்திரி முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்!

அப்புறம் டைல்ஸ். கடையில் பளபளவென்று சிரிப்பவை சுவருக்குத்தான் லாயக்கு. தரைக்குச் சொரசொரப்பாக, ஓரடிச் சதுரமாக வாங்கினால் இணைப்புக் கோடுகள் அதிகமாகி, காலுக்குப் பிடிப்புக் கிடைக்கும். கடைக்காரரிடம் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு, ஒரு கல்லின் மேல் ஊற்றி, விரலால் தேய்த்துப் பாருங்கள். கணக்கும் சொல்கிறேன். எங்கள் தரை 35 சதுர அடி. நாலு சுவரும் சேர்ந்து 24 அடி சுற்றளவு. ஏழடி உயரத்துக்கு 168. மூன்றடி அகலக் கதவுக்கு 21 கழித்தால் 147. ஆக 182. உடைசலுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 200 சதுர அடி. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போனால் கடையில் தைரியமாகப் பேசலாம்.

கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்பக்கம் திறக்கிற கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாளும் அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.

கீசருக்குச் சரியான எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். காஸ் கீசரை மூடிய குளியலறைக்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு வாசனை கிடையாது. ஆளைக் கொல்கிற விஷம் அது.

கடைசியாக, கைப்பிடிக் கம்பி. துண்டு போடுகிற கம்பி ஆள் பாரம் தாங்காது. சுவரில் ஆழப் பதித்த கம்பி வேறு. 33 முதல் 36 அங்குல உயரம் என்பது பொது விதி. நாங்கள் அம்மாவையே நிற்கவும் உட்காரவும் சொல்லி, அவர் கை தானாகப் போகிற இடத்தைச் சாக்கட்டியால் குறித்துக்கொண்டோம்.

“ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமே!” என்று என் கணவர் முகத்தைச் சுளித்தார். நான் ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பழைய குளியலறை இருபத்தைந்து வருஷம் உழைத்தது. புதியதும் அவ்வளவு நாள் உழைக்கும் என்று வையுங்கள். எனக்கு இப்போது முப்பத்தாறு. அடுத்த தடவை கொத்தனார் வருகிறபோது அறுபத்தொன்று. அப்படியானால் இந்தக் கம்பியை யாருக்காகப் பதிக்கிறோம்? அவர் மறு பேச்சுப் பேசவில்லை.

வேலை முடிந்து நாலு மாதம் ஆகிறது. இப்போது என் மாமியார் தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீர் வைத்துக்கொண்டு படுக்கிறார். காலையில் செம்பு காலியாக இருக்கிறது.

ஆகையால், சகோதரிகளே, நீங்களும் குளியலறையைப் புதுப்பிப்பதாக இருந்தால் டைல்ஸ் கடைக்கு அப்புறம் போகலாம். முதலில், “எனக்கென்ன, எப்படிச் செய்தாலும் சரி” என்று சொல்பவர் உங்கள் வீட்டில் யார் என்று பாருங்கள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இன்னொரு தடவை கேளுங்கள்.